என் நாத்தனாருக்கு நான் கொடுத்தது

வெள்ளை பிளாஸ்டிக் டப்பா, நீல மூடி. கல்யாண வீட்டில் நாலு லட்டு வைத்துக் கொடுப்பார்களே, அந்த அளவு இருக்கும். மதுரையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் மூன்றாவது மாடியில், காலை ஆறரை மணிக்கு, நர்ஸ் அதை என் கையில் கொடுத்தாள். மேலே ஒட்டியிருந்த சீட்டில் என் நாத்தனாரின் பெயர் இருந்தது. "அவசரமே இல்லம்மா. பதட்டப்படாம போயிட்டு வாங்க. ஆனா வந்ததும் உடனே கையில கொடுத்திரணும், ஆறப் போட்டா நல்லதில்ல" என்றாள், அடுப்பிலிருந்து இறக்கிய பண்டத்தைப் பற்றிச் சொல்வதுபோல. நான் கழிப்பறைக் கதவைச் சாத்தித் தாழ் போட்டுவிட்டு டப்பாவைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றேன். எந்தக் காரியத்தைத் தொடங்கினாலும் அம்மாளைக் கும்பிட்டுத்தான் தொடங்குவேன். அந்த இடத்தில் சாமி பெயரைச் சொல்லலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை. கேட்கவும் ஆளில்லை. கடைசியில் சொல்லாமலேயே உட்கார்ந்தேன். பயமாகவோ வெட்கமாகவோ இருந்ததா என்று இப்போது நினைத்துப் பார்க்கிறேன். ஒன்றுமே இல்லை. பஸ்ஸுக்குக் காத்துக்கொண்டு நிற்கிறவள்போல இருந்தேன்.

நாத்தனார் என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. நான் மதினி என்று கூப்பிடுவேன். இளையரசனேந்தல் பக்கம் கட்டிக் கொடுத்திருந்தார்கள். கல்யாணமாகி நாலு வருஷத்தில் அவள் புருஷன் தவறிவிட்டார். பிள்ளை இல்லை. தம்பி வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள். நான் சங்கரன்கோவிலில் இந்த வீட்டுக்கு மருமகளாக வந்தபோது அவள் எனக்கு முன்பே இங்கே இருந்தாள். வீட்டின் பின்பக்கம் இரண்டு விசைத்தறி ஓடும். என் வீட்டுக்காரர் அதைப் பார்த்துக்கொள்வார். மதினி தினமும் காலையில் பஸ் ஏறி மேலநீலிதநல்லூருக்குப் போய், பள்ளிக்கூடத்தில் சத்துணவு ஆக்கிப் போட்டுவிட்டு மூன்று மணிக்கு வருவாள். அத்தனை பிள்ளைகளுக்கு ஆக்குகிறவள் வீட்டு அடுப்படிக்குள் காலெடுத்து வைத்ததில்லை. தட்டில் போட்டதைச் சாப்பிடுவாள். சாப்பிட்டு முடித்துக் கை கழுவும்போது, "உப்பு ஒரு பொடி கம்மி" என்பாள். சில நாள் "ஒரு பொடி கூட" என்பாள். சரியாக இருக்கிறது என்று ஒருநாளும் சொன்னதில்லை. இருபத்தாறு வருஷம். நாங்கள் சண்டை போட்டதும் இல்லை, மனசு விட்டுப் பேசிக்கொண்டதும் இல்லை. ஒரே வீட்டில் இரண்டு பானைபோல இருந்தோம்.

போன வருஷத்துக்கு முந்தின வருஷம், அவள் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு, நெஞ்சில் சளி கட்டிக் காய்ச்சல் வந்தது. நிமோனியா என்றார்கள். ஆஸ்பத்திரியில் பத்து நாள் வைத்து, கடுமையான மருந்தெல்லாம் ஏற்றினார்கள். பிழைத்தாள். வீட்டுக்கு வந்த ஐந்தாம் நாள் வயிற்றால் போக ஆரம்பித்தது. முதலில் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று நினைத்து மோரும் கஞ்சியும் கொடுத்தேன். ஒரு நாளைக்குப் பதினைந்து தடவை போனாள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தாள். அந்த நாற்றம் வேறு மாதிரி. இரண்டு பிள்ளை வளர்த்தவள் நான், மாமனார் படுக்கையில் கிடந்தபோது பார்த்தவள், எனக்கு அந்த நாற்றம் புதிது. அவள் துணியை அவளே அலசிக்கொள்வாள் எப்போதும். என்னைத் தொட விட மாட்டாள். மூன்றாவது நாள் அவளால் வாளியைத் தூக்க முடியவில்லை. நான் வாங்கிக்கொண்டு போனேன். அவள் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

திருநெல்வேலியில் பரிசோதித்து ஒரு கிருமியின் பெயரைச் சொன்னார்கள். என் வாயில் நுழையாத பெயர். சுருக்கி சி-டிஃப் என்றார்கள். ஊசியில் போடுகிற மருந்தை உடைத்துத் தண்ணீரில் கலக்கிக் குடிக்கக் கொடுத்தார்கள். ஒரு வாரத்தில் நின்றது. மருந்து முடிந்த பதினைந்தாம் நாள் திரும்ப வந்தது. மறுபடியும் மருந்து, இந்தத் தடவை இன்னும் அதிக நாள், கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வந்தார்கள். நின்றது. மறுபடியும் வந்தது. கையில் தடவுகிற ஆஸ்பத்திரித் தைலத்துக்கெல்லாம் அது சாகாது, சோப்புப் போட்டுத் தண்ணீரில்தான் கழுவ வேண்டும் என்றார்கள். கழுவிக் கழுவி என் விரல் இடுக்கெல்லாம் வெடித்துவிட்டது. மூன்றாம் முறை வந்தபோது மதினியின் வளையல் முழங்கை வரை ஏறி இறங்கியது. அப்போதுதான் மதுரைக்குப் போகச் சொன்னார்கள்.

மதுரை டாக்டர் சின்ன வயசுக்காரர். பொறுமையாகப் பேசினார். "உங்க குடலுக்குள்ள கோடிக்கணக்குல நல்ல கிருமிங்க இருந்துச்சும்மா. நிமோனியாவுக்குக் கொடுத்த மருந்து உங்க உயிரைக் காப்பாத்திச்சு. ஆனா அதுக்கு நல்லது கெட்டது தெரியாது. எல்லாத்தையும் சேர்த்து அழிச்சிருச்சு. அந்தக் காலி எடத்துல இது ஒண்ணு மட்டும் பெருகிருச்சு. மருந்து கொடுத்தா இது சாகுது. ஆனா விதை மாதிரி ஒண்ணை விட்டுட்டுப் போகுது. அது சாக மாட்டேங்குது."

மதினி கண்ணை மூடிக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு சொன்னாள்: "கோரை மாதிரின்னு சொல்லுங்க, சார். மருந்தடிச்சா மேல கருகிப்போவும். கீழ கெழங்கு கெடக்கும். ஒரு மழைக்கு எந்திரிச்சிரும்."

டாக்டர் நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டார். "அதேதான். அப்ப கோரைக்கு என்ன பண்ணுவீங்க?"

"வெள்ளாமை அடர்த்தியா நின்னா அது ஒடுங்கிரும். வெறுங்காடா போட்டாத்தான் ஏறும்."

"உங்க குடல்ல அந்த வெள்ளாமையத்தான் திருப்பி வைக்கணும்மா. அது கடையில கெடைக்காது. நல்ல ஆரோக்கியமா இருக்கிற ஒருத்தரோட மலத்துல மொத்தமா இருக்கு. அதை எடுத்து, உப்புத் தண்ணியில கரைச்சு, வடிகட்டி, குழாய் வழியா உங்க குடலுக்குள்ள விடுவோம். திரும்பத் திரும்ப வர்றவங்களுக்கு இதுதான் நல்லாக் கேக்குது."

என் வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். மதினி கண்ணைத் திறந்தாள். "யாரோடது?"

"வீட்ல யாராவது கொடுக்கலாம். பரிசோதனை பண்ணிட்டுத்தான் எடுப்போம்."

என் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை, வயிற்றுக்கும் மாத்திரை போடுகிறார். கோயம்புத்தூரில் இருக்கிற மகன் முந்தின மாதம்தான் தொண்டைப் புண்ணுக்கு மருந்து சாப்பிட்டிருந்தான். மகள் மாசமாக இருந்தாள். மாத்திரை ஒன்றும் தொடாதவள் நான் ஒருத்திதான். மதினி என்னை மேலும் கீழும் பார்த்தாள். "இருபத்தாறு வருஷமா இவ ஆக்கிப் போட்டதைத் தின்னாச்சு, சார். இது ஒண்ணுதான் பாக்கி" என்றாள். டாக்டர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

எனக்கு ரத்தம் எடுத்தார்கள். மலம் எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். நர்ஸ் ஒரு தாளை வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகக் கேட்டாள். பச்சை குத்தியிருக்கிறீர்களா, வெளிநாடு போனீர்களா, சமீபத்தில் ஏதாவது மருந்து எடுத்தீர்களா. வெட்கப்பட வேண்டிய கேள்விகளும் இருந்தன, அதற்கும் பதில் சொன்னேன். "வெளிச் சாப்பாடு, வேகாதது, சுத்தமில்லாதது ஏதாவது சாப்பிடுறீங்களாம்மா?" என்று கேட்டாள். இல்லை என்றேன். நான் பொய் சொல்லவில்லை. சாமி பிரசாதத்தைச் சாப்பாடு என்று எண்ண எனக்குத் தெரியாது.

அதைச் சொல்லிவிட வேண்டும். எங்கள் ஊர் அம்மாள் கோயிலில் கொடுக்கிற புற்றுமண்தான் எங்களுக்குப் பிரசாதம், மருந்து எல்லாம். நோய் நொடி என்றால் நெற்றியில் இட்டுக்கொள்வோம், புண்ணில் தடவுவோம், ஒரு சிட்டிகை வாயிலும் போட்டுக்கொள்வோம். எனக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து அப்படித்தான். மதினிக்கு இரண்டாம் முறை வந்தபோது நான் அம்மாளிடம் நேர்ந்துகொண்டேன். நாற்பத்தெட்டு நாள், விடியக் குளித்து, பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படுமுன் புற்றுமண் எடுத்துக்கொள்கிறேன், அவளைத் தேற்றிக் கொடு என்று. நேர்ந்ததை வெளியே சொல்லக் கூடாது என்பது எங்கள் வழக்கம். வீட்டுக்காரரிடம்கூடச் சொல்லவில்லை. அவள் மேல் எனக்குப் பாசம் பொங்கி வழிந்து நேர்ந்தேன் என்று சொன்னால் அது பொய். வாளியைத் தூக்கினதுபோலத்தான் அதையும் செய்தேன். இந்த வீட்டில் நேர்ந்துகொள்ள வேறு யார் இருக்கிறார்கள்.

இடையில் மூன்றாம் முறை வந்துவிட்டது. தொடங்கினால் முடிக்க வேண்டும் என்று நிறுத்தாமல் செய்துகொண்டிருந்தேன். கோயிலில் கொடுத்த பிரசாதம் கொஞ்ச நாளில் தீர்ந்துபோனது. திருவேங்கடம் ரோட்டில் எங்கள் காட்டு ஓரத்தில் ஒரு வேம்பும் அதன் அடியில் ஒரு புற்றும் உண்டு. மஞ்சள் துணி சுற்றியிருக்கும். செவ்வாய், வெள்ளி பால் ஊற்றுவார்கள். ஆடுகளும் அங்கேதான் அடையும். எல்லாம் ஒரே அம்மாள்தானே என்று நானாகத்தான் நினைத்தேன். யாரும் சொல்லவில்லை. புற்றுக்குள் விரலை விட்டு ஈரமண்ணாகப் பார்த்துத் தோண்டி, இலையில் மடித்துக் கொண்டுவந்து வைத்துக்கொண்டேன். ஒரு சிட்டிகை போதாதோ என்று ஒரு நெல்லிக்காய் அளவு தின்றேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. டாக்டரே பேசினார். "ரத்தமெல்லாம் சுத்தமா இருக்கும்மா. ஆனா மலத்துல புழு முட்டை இருக்கு, இன்னொரு சின்ன உயிரும் இருக்கு. உங்களுக்கு அது பெரிய விஷயமில்ல. அவங்க குடல் புண்ணாக் கெடக்கு, அதுக்குள்ள இதை விட முடியாது. மாத்திரை எழுதுறேன். சாப்பிட்டு ஒரு மாசம் கழிச்சு மறுபடி பாக்கணும். வேற யாராவது கொடுக்க ஆள் இருக்காங்களா?" இல்லை என்றேன். "மண்ணுல கை வைக்கிற வேலை செய்றீங்களா?" என்று கேட்டார். அன்று இருபத்தொன்பதாம் நாள்.

வேலை இல்லை, சார், என்றேன். அதுவும் பொய் இல்லை.

மறுநாள் விடிய எழுந்து குளித்தேன். மண்ணை வாயில் போட்டேன். காப்பி குடித்தேன். பிறகு டாக்டர் எழுதின மாத்திரையைப் போட்டேன். நாலு நாள் இப்படியே செய்தேன். புழுவுக்கு மாத்திரையையும் புழு வந்த மண்ணையும் ஒரே வயிற்றுக்குள் அனுப்புகிறோம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. எட்டாவதுதான் படித்தேன், ஆனாலும் இந்த அளவு புரியும். புரிந்தும் கை அதுபாட்டுக்குச் செய்தது. நேர்ந்ததை நடுவில் விட்டால் அவளுக்கே ஏதாவது ஆகிவிடும் என்று ஒரு பக்கம். விடாவிட்டால் என்ன ஆகும் என்பது கட்டிலில் கிடந்தது. குடிக்கிற மருந்தை நிறுத்தினால் திரும்பவும் வரும் என்று அதைத் தொடர்ந்து கொடுத்துக்கொண்டிருந்தோம். அதிலும் அவள் தேறவில்லை. இட்லியைப் பிசைந்து கொடுத்தால் இரண்டு வாய். கட்டிலில் போர்வைக்குக் கீழே ஆள் இருக்கிறதா என்று உற்றுப் பார்க்க வேண்டியிருந்தது. கோயிலுக்குப் போய் அம்மாள் முன்னால் நின்றேன். என்ன கேட்பது என்று தெரியவில்லை. கற்பூரம் அணைந்ததும் திரும்பி வந்துவிட்டேன்.

நாலாம் நாள் மத்தியானம் கரண்ட் போய்த் தறி நின்றுவிட்டது. எங்கள் வீட்டில் தறி நின்றால் காதில் பஞ்சை எடுத்ததுபோல இருக்கும். வீட்டுக்காரர் நூல் வாங்கப் போயிருந்தார். நான் மதினியின் கட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன்.

"மதினி, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"சொல்லு. எந்திரிச்சு ஓடவா போறேன்."

சொன்னேன். நேர்ந்தது, கோயில் மண் தீர்ந்தது, காட்டுப் புற்று, புழு முட்டை, எல்லாம். அவள் ஓடாத மின்விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தன நாளு?"

"இன்னையோட முப்பத்திமூணு."

"எனக்கு வயிறு சரியாவணும்னு நீ மண்ணத் தின்னுதே. நீ மண்ணத் தின்னுததால எனக்கு வயிறு சரியாவ மாட்டேங்கு." மூச்சு வாங்கிக்கொண்டு, "இதுல யார்மேல குத்தம் சொல்ல, ஏட்டி? அம்மாள்மேலயா?" என்றாள்.

நான் முந்தானையை இழுத்து வாயைத் துடைத்தேன்.

"ஆட்டுப் புழுக்கையும் சேத்துத் தின்னிருப்பே" என்றாள். சிரிப்பு வந்துவிட்டது அவளுக்கு. சிரித்தால் வயிறு வலிக்கும், இரண்டு கையாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். கண்ணோரம் தண்ணீர் வந்தது, அது வலியில் வந்ததுதான் என்று நினைக்கிறேன். பிறகு சொன்னாள்: "விட்டுரு."

"நேந்துக்கிட்டது, மதினி."

"யாருக்காக நேந்தே? எனக்காகத்தானெ? அப்ப விடச் சொல்ல எனக்குப் பாத்தியதை உண்டு. எந்திரிச்சு நடந்தேன்னா மிச்ச நாளுக்கு நானே போயி அவகிட்ட பேசிக்கிடுதேன். அவளும் பொம்பளதானெ."

மறுநாள் காலையில் குளித்தேன். இலையில் இருந்த மண்ணை எடுத்துப்போய்த் துளசிமாடத்தில் போட்டேன். வெறும் வாயில் காப்பி குடித்தேன். ஏதாவது நடக்கும் என்று காத்திருந்தேன். பால்காரர் வந்தார். கரண்ட் வந்தது, தறி ஓடியது. ஒன்றும் நடக்கவில்லை.

டாக்டரிடமும் போனில் உண்மையைச் சொன்னேன். அவர் திட்டவில்லை. "நெத்தியில வச்சுக்கோங்கம்மா. வாய்க்குள்ள வேண்டாம்" என்றார். ஒரு மாதம் கழித்துச் செய்த பரிசோதனையில் எல்லாம் சுத்தமாக இருந்தது. அதற்குப் பிறகுதான் அந்த வெள்ளை டப்பா.

மதினியை உள்ளே கூட்டிக்கொண்டு போகும் முன் தள்ளுவண்டியில் படுக்க வைத்திருந்தார்கள். என்னைக் கையசைத்துக் கூப்பிட்டாள். நான் குனிந்தேன். "நேத்து ராத்திரி என்ன தின்னே?"

"இட்லி, பருப்புப்பொடி."

"நல்லெண்ணெய் ஊத்தினியா?"

"ஊத்தினேன்."

"சரி, போட்டும்" என்று கண்ணை மூடிக்கொண்டாள். தூங்க மருந்து கொடுத்து உள்ளே கொண்டுபோனார்கள். ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கத்தி இல்லை, தையல் இல்லை. இத்தனை மாதம் எங்களைப் பாடாய்ப் படுத்தினதற்கு இவ்வளவுதானா என்று என் வீட்டுக்காரர் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டிருந்தார். நான் நாற்காலியில் கையை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தேன். எனக்குப் பசித்தது, அது மட்டும் நினைவிருக்கிறது.

மூன்றாம் நாள் காலையில் ஆஸ்பத்திரிக் கழிப்பறையிலிருந்து கூப்பிட்டாள். "ஏட்டி, இங்கன வா." விழுந்துவிட்டாளோ என்று ஓடினேன். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். கீழே காட்டினாள். பல மாதத்துக்குப் பிறகு முதல் தடவையாகக் கெட்டியாகப் போயிருந்தது. அவளும் நானும் அதையே பார்த்துக்கொண்டு நின்றோம். என்னைத் துணிகூட அலச விடாதவள் அதைப் பார்க்கக் கூப்பிட்டிருந்தாள். "இது உன்னுதா, என்னுதா?" என்றாள். தண்ணீரை ஊற்றினேன்.

அதற்குப் பிறகு அது வரவேயில்லை. வீட்டுக்கு வந்து ஒரு வாரத்தில் சோறு கேட்டாள். ஒரு மாதத்தில் தெரு முக்குவரை நடந்தாள். நடக்க முடிந்ததும் கோயிலுக்குத்தான் போனாள், சொன்னபடி. அம்மாள் சன்னதியில் தூணோரமாக நின்று வெகுநேரம் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தாள். என்ன சொன்னீங்க மதினி என்று வரும் வழியில் கேட்டேன். "அது எங்க ரெண்டு பேருக்குள்ள" என்றாள். மறுபடி மதுரைக்குக் காட்டப் போனபோது டாக்டர் என்னிடம், "உங்க வெள்ளாமை நல்லாப் பிடிச்சிருச்சும்மா. இப்ப இவங்க குடல்ல இருக்கிறது உங்க கிருமிங்கதான். அங்கயே இருந்து பெருகிக்கும்" என்றார். மதினி அதைப் பிடித்துக்கொண்டாள். ஜென்மத்துக்கும் மாங்காய் தொடாதவள், ஒருநாள் நான் உப்பு மிளகாய்ப் பொடி தொட்டுக் கிளிமூக்கு மாங்காய் கடித்துக்கொண்டிருந்தபோது கையை நீட்டினாள். "எனக்கில்ல. உன் பூச்சி கேக்கு" என்றாள். கீரைக்காரியிடமும் எதிர்வீட்டு அக்காளிடமும் வைத்தியத்தை ஒளிக்காமல் சொன்னாள். எனக்குத்தான் உள்ளே போய் ஒளிந்துகொள்ளத் தோன்றும். "என்னத்துக்கு ஒளியுதே? நெத்தியில எழுதியா ஒட்டியிருக்கு? கொடுத்தவ நீ, வாங்கினவ நான். நானே வெக்கப்படல" என்பாள்.

அதற்காக நாங்கள் அக்கா தங்கைபோல ஆகிவிட்டோம் என்று எழுத முடியாது. உட்கார்ந்து பழங்கதை பேசவில்லை. கட்டிப்பிடித்து அழவில்லை. சாப்பிட்டுக் கை கழுவும்போது உப்பு ஒரு பொடி கம்மி என்றுதான் சொன்னாள், கடைசி நாள் வரைக்கும். ஆனால் அவளுக்கு ஒரு தும்மல் வந்தால் நான் என் வயிற்றில் கை வைத்துப் பார்த்துக்கொண்டேன். ஏன் என்று தெரியாது. நான் சிலநாள் ஒருபொழுது இருந்தால் அவள் வந்து, "நீ பட்டினி கெடந்தா அதுங்களுக்குத் தெரியாதுன்னு நெனைக்கியா? சாப்பிடு" என்று திட்டுவாள். அப்படி அது நடக்காது என்று எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

பதினாலு மாதம் இருந்தாள். ஒரு செவ்வாய்க்கிழமை பதினோரு மணிபோல, வாசலில் நின்று கீரைக்காரியிடம் அகத்திக்கீரை கேட்டுக்கொண்டிருந்தவள், நெஞ்சைத் தடவிக்கொண்டு படியில் உட்கார்ந்தாள். நான் தண்ணீர் கொண்டுவருவதற்குள் முடிந்துவிட்டது. வயிற்றுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, இதயம் நின்றிருக்கிறது என்று டாக்டர் சொன்னார். இளையரசனேந்தலுக்குத் தகவல் சொன்னோம். மதினியின் கொழுந்தன் மகன் வேன் பிடித்துக்கொண்டு வந்தான். "எங்க வீட்டுக்கு வந்தவுக. எங்க வீட்டுலதான் எல்லாம் நடக்கணும், மாமா" என்றான். அதுதான் முறை. என் வீட்டுக்காரர் தலையாட்டினார். அங்கே கொண்டுபோய், கொழுந்தன் மகன் கொள்ளி வைத்தான். பெண்கள் என்னைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். எனக்கு அழுகை வரவில்லை. வந்திருந்த ஒருத்தி இன்னொருத்தியிடம், "நாத்தனாளுக்கு அழ யாரு இருக்கா. அதுவும் ஒட்டா உறவா" என்றாள். அவள் சொன்னதில் எனக்குக் கோபம் இல்லை. நான் அந்தப் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். உள்ளே எத்தனை கோடி போகிறது என்று ஒரு நினைப்பு. அவ்வளவுதான்.

கட்டிக் கொடுத்த பெண் செத்தால் பிறந்த வீட்டுக்கு மூன்று நாள்தான் தீட்டு. பங்காளிகளுக்குத்தான் பதினாறு. நாலாம் நாள் என் வீட்டுக்காரர் வீட்டைக் கழுவிவிடச் சொன்னார். கழுவினேன். தலைக்குக் குளித்தேன். அவர் விளக்கை ஏற்றிவிட்டு, "வெள்ளிக்கெழம. நீ கோயிலுக்குப் போவியே, போயிட்டு வா" என்றார். பூக்கூடையை எடுத்துக்கொண்டு நிலைவாசல்வரை வந்தேன். கால் அதற்கு மேல் போகவில்லை. திரும்பி உள்ளே வந்து கூடையை வைத்தேன்.

"என்ன?"

"எனக்குத் தீட்டு முடியல."

"ஏ கிறுக்கி, நமக்கு மூணு நாளுதான். அக்கா அவுக வீட்டுக்குப் போனவ. கூடப் பொறந்த எனக்கே மூணு நாளு. உனக்கு என்ன?"

எனக்கு அதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. யோசித்துப் பார்த்தேன், இன்றும் யோசிக்கிறேன். பூசாரியிடம் கேட்டால் அவருக்கும் தெரியாது, இது எந்தக் காலத்திலும் யாரும் கேட்டிராத கேள்வி. அவளுக்குள் இருந்தது என்னிடமிருந்து போனது. அது அங்கே நெருப்பில் போய்விட்டது. அதே வம்சம் இங்கே என் வயிற்றுக்குள் குடியிருக்கிறது. சாவு விழுந்தால் தீட்டு மிச்சம் இருக்கிறவர்களுக்குத்தானே.

அவர் என் முகத்தைப் பார்த்தார். பிறகு கூடையை எடுத்துக்கொண்டு அவரே கோயிலுக்குப் போனார்.

இன்று பதினோராம் நாள். தறி ஓடிக்கொண்டிருக்கிறது. காலையில் எதிர்வீட்டு அக்காள் வந்து, கோயிலுக்கு வருகிறாயா என்று கேட்டாள். இன்னும் அஞ்சு நாள் இருக்கு அக்கா என்றேன். அவள் விரல் மடக்கி எண்ணிப் பார்த்தாள், சரிவரவில்லை. என்னமோ ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போனாள்.